ரைட்டர் வீட்டுப் புலி

நோயில் கிடக்கும் பிள்ளையோடு விளையாட உட்காருகிறவர்களுக்குத் தோற்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. (பேரனோடு தாயம் ஆடினாலும் யாரும் பார்க்காதபோது காயை ஒரு கட்டம் தள்ளி வைக்கிற ஆள் நான்.)

மகாராஜா காலம். குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். மகள் ரோசம்மைக்கு எட்டு வயது. மலைக்காய்ச்சல் வந்து தணிந்திருந்தது. ஆனால் கஞ்சியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். என் மனைவி தங்கையின் பிரசவத்துக்கு அஞ்சுகிராமம் போயிருந்தாள். "பிள்ளைய சிரிக்க வச்சுக் கஞ்சி குடுங்க" என்பது அவள் விட்டுப்போன உத்தரவு.

லீவு போட்டேன். தரையில் கரிக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தேன். ரப்பர் கொட்டைகள் அவளுடைய ஆடுகள். மூன்று கொல்லாங்கொட்டைகள் (முந்திரிக்கொட்டைகள்தான்) என் புலிகள். புலி தாண்டினால் ஆடு காலி. நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால் புலி காலி.

முதல் ஆட்டம் மனமில்லாமல் விட்டுக்கொடுத்துத் தோற்றேன். அடுத்த ஆட்டம் விட்டுக்கொடுக்காமலே தோற்றேன். மூன்றாவதில் ரோசம்மை போர்வையை உதறிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு ஆடினாள்.

"அப்பா, ரெண்டு புலி அடைஞ்சு போச்சு."

"சும்மா இரிட்டி. நான் யோசிக்கேன்."

மிஞ்சிய புலிக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. தாண்டினேன். துள்ளி எழுந்து, தொடையைத் தட்டிக் கத்தினேன்: "புலி ஆட்ட அடிச்சிட்டு! அடிச்சிட்டு! இன்னொண்ணையும் அடிக்கப் போவுது!"

பக்கத்து வீட்டுத் தங்கம்மையின் ஆடுகள் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் மேயும்.

கொஞ்ச நேரத்தில் வெளியே தகரம் அடிக்கும் சத்தம், ஓட்டம், கூச்சல். எட்டிப் பார்த்தேன். ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் வாளிகளைப் போட்டுவிட்டுக் கத்தியும் கம்புமாக வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னலே?" என்றேன்.

"புலி, ரைட்டரே! புலி!"

அவ்வளவுதான். உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டு, பிள்ளையை வாரிக்கொண்டு கட்டில்மேல் ஏறி, இருவர் தலையிலும் போர்வையை மூடிக்கொண்டேன். (புலி கட்டில் ஏறாது என்று எனக்கு யார் சொன்னதோ!)

கதவு தட்டப்பட்டது. திறந்தால் தோட்டத்துத் துரை, கையில் துப்பாக்கி.

"ரைட்டர், புலி எந்தப் பக்கம்?"

"தெரியாது துரையே. நானும் இப்பதான் கேள்விப்பட்டேன்."

பின்னாலிருந்து தங்கம்மை பாய்ந்தாள். "எப்பிடித் தெரியாம போவும்? ஆட்ட அடிச்சிட்டுன்னு நீங்கதானே கூப்பாடு போட்டிய!"

அன்றைய பால் பாதியும் மண்ணில் கொட்டிக் கிடந்தது. என் வேலையும் அதோடு கொட்டிவிட்டது என்றே நினைத்தேன்.

ரோசம்மை கட்டிலிலிருந்து இறங்கி, தரையைக் காட்டினாள். "புலி இங்க கெடக்கு துரையே. அப்பா வெளிய எட்டிப் பாத்தப்போ நான் அடைச்சுப் போட்டேன்."

துரை குனிந்து கொல்லாங்கொட்டையை வெகுநேரம் பார்த்தார். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். பிள்ளையின் தோளில் தட்டினார். என்னைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்கு வா" என்றார். வெளியே போனபிறகு அவர் சிரித்த சத்தம் ரப்பர் மரங்களுக்குள் நெடுநேரம் கேட்டது.

ரோசம்மையும் விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். பிறகு அவளே கஞ்சி கேட்டாள்.

அன்றிலிருந்து நான் 'புலி ரைட்டர்'. அவளுக்குக் கல்யாணம் பேச வந்த சம்பந்தி அந்தப் பெயரை எங்கோ கேட்டுவிட்டு, "எத்தன புலி சுட்டிருக்கிய?" என்று மரியாதையோடு விசாரித்தார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"கணக்கு வச்சிக்கல்ல" என்றேன்.

சம்பந்தி இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் என்னை வேட்டைக்காரர் என்றுதான் அறிமுகம் செய்கிறார். உடனே அடுக்களையிலிருந்து ரோசம்மையின் குரல் வரும்:

"கட்டிலுக்க மேல ஏறி நின்ன கதையும் சொல்லச் சொல்லுங்க மாமா!"