சொந்த விருப்பத்தின் பேரில்

மனித குலம் இன்றுவரை கண்டடைந்த அறங்களில் தலையாய அறம், பள்ளிவாசல் என்னும் தேயிலை மலையூருக்கு மேலே மேகமுனை சாகசப் பூங்காவில், காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை நடைமுறையில் இருந்தது. திங்கட்கிழமை விடுமுறை.

அறம் இதுதான்: 'உன் உயிர் உன்னுடையது. அதை என்ன செய்வது என்பது உன் முடிவு. எங்களைக் கேட்காதே.' மூன்று மொழிகளில் எழுதி வாசலில் வைத்திருந்தார்கள். கடைசி வாக்கியம் மட்டும் பொடி எழுத்தில்.

பூங்கா என்று பெயரே தவிரப் பூ ஒன்றும் கிடையாது. பாறை முகட்டிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி ஓர் இரும்புப் பாலம் நீளும். பாதியிலேயே நின்றுவிடும், பணம் தீர்ந்துபோன கான்ட்ராக்டர் கட்டியதுபோல. அதன் நுனியில் நின்று, கணுக்காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு, தலைகீழாக நூற்றைம்பது அடி விழ வேண்டும். துள்ளி, மறுபடி விழுந்து, மறுபடி துள்ளி, 'வாழ்வின் அருமையை' உணர்ந்து மேலே வர வேண்டும். இதற்காகப் பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வண்டி பிடித்து வந்தார்கள். கீழே தேயிலைச் சரிவில் கயிறே இல்லாமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்து, பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ என்று இரக்கப்பட்டார்கள்.

இந்த அறத்தைக் காத்து நின்றவள் சித்ரா. தத்துவத்தில் பி.ஏ. எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. பட்டம் வாங்கி வந்த அன்று கங்காணி அவளை நிறுத்தி, தத்துவம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். கிடைத்தது. பதவியின் பெயர் 'அபாய நெறி ஆலோசகர்'. வேலை, குதிக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது.

படிவத்தில் பதினான்கு பத்திகள். ஆறாம் பத்தியில் கண், முதுகு, இதயம் மூன்றும் நலம் என்று உறுதி சொல்ல வேண்டும். பதினோராம் பத்திதான் உயிர்நாடி: 'சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலுமின்றி, மகிழ்ச்சிக்காகக் குதிக்கிறேன்.' அடியில் ஒரு கேள்வி, 'ஏன் குதிக்கிறீர்கள்?' அதற்குக் குதிக்கிறவரே தன் கைப்பட எழுத வேண்டும். 'உயிரோடு இருப்பதை உணர' என்று எழுதுவார்கள். 'முப்பது வயது ஆவதற்குள்' என்று எழுதுவார்கள். ஒருவர் 'மனைவி சொன்னாள்' என்று எழுதினார். அது வற்புறுத்தலில் வரும் என்று சித்ரா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஓரமாகப் போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்து 'மகிழ்ச்சிக்காக' என்று எழுதினார். அவ்வளவு கறாரான அறம்.

தினமும் காலையில் முதல் வாடிக்கையாளருக்கு முன்னால் கயிற்றைச் சோதிக்க வேண்டும். ஆரம்பத்தில் எழுபது கிலோ கொழுந்து மூட்டையைக் கட்டித் தள்ளினார்கள். மூன்றாம் நாளே பேக்டரியிலிருந்து எழுத்தில் ஆட்சேபம் வந்தது: கொழுந்து கசங்குகிறது. நியாயம்தானே, பூங்காவும் எஸ்டேட்டினுடையது, கொழுந்தும் எஸ்டேட்டினுடையது. மணல் மூட்டை கட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. மணல் மூட்டை மேலே வந்து 'கயிறு நல்லா இருக்கு' என்று சொல்லாது. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கையசைக்கவும் செய்யாது. ஆகவே கசங்காததும், பேசக்கூடியதும், கையசைக்கக்கூடியதுமான ஒரு பொருளைத் தேடினார்கள். சித்ராவின் தம்பி ஜெகன் கிடைத்தான். எடை சரியாக எழுபது.

அவனுக்கு 'சாகச முன்னோடி' என்று பனியனில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், எஸ்டேட்டின் ஆள்பதிவேடான பெரட்டில் தொழிலாளியாக அவன் பெயர் அப்படியே நீடித்தது. அம்மா வேலுத்தாய் ஐம்பத்தெட்டு வயதாகி ஓய்வு பெற்றுவிட்டாள். வீட்டில் ஒருவர் பெயராவது பெரட்டில் இருந்தால்தான் லயத்து வீடு. இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். சித்ரா பூங்காவின் ஏஜென்சி ஆள், அவள் பெயர் செல்லாது. ஆக, ஜெகன் தலைகீழாகத் தொங்கும்வரை குடும்பம் நேராக நிற்கும்.

ஆயிரம் தடவைக்குமேல் தொங்கிவிட்டான். அறுநூறு குதிப்பு முடிந்தால் கயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள், விதி அப்படி. இவனுக்கு விதி எழுதவில்லை. போன மாதம் இடது கண்ணில் ஈ பறப்பதாகச் சொன்னான். பிறகு ஈ போய்த் திரை விழுந்தது. தேனியில் கண் பார்த்த டாக்டரம்மா, இன்னும் ஒருமுறை தலைகீழாகக் குதித்தாலும் அந்தக் கண் போய்விடலாம் என்று சீட்டில் எழுதியே கொடுத்தாள். அவன் சீட்டை மடித்து அரிசி டப்பாவில் போட்டான். சித்ரா அரிசி எடுக்கும்போது பார்த்தாள்.

அந்த வாரம்தான் இன்சூரன்ஸ் அதிகாரி வந்தார். படிவங்களைப் புரட்டிப் பார்த்து அதிர்ந்துபோனார். ஆயிரத்துக்குமேல் குதித்த ஒருவன் ஒரு படிவத்தில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. அவனுக்குக் குதிப்பதில் விருப்பம் இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மாபெரும் அறமீறல்.

உடனே 'அறநெறிக் குழு' கூடியது. தலைவர், பூங்கா மேனேஜர் பிரதீப். உறுப்பினர், பாதுகாப்பு அலுவலர் இர்பான். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுக் கயிறு விற்கும் குடும்பம் என்பதால் கயிற்று நிபுணர். டீயும் பருப்பு வடையும் சாப்பிட்டபடி குழு மனம் வருந்தியது. ஜெகனின் தன்னுரிமையை இனியும் பறிக்கக்கூடாது, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் அவனிடம் கையெழுத்து வாங்கி அதை அவனுக்கு வழங்கிவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

"ஒரே ஒரு ஒப்பு, சித்ரா. அவ்வளவுதான்," என்றார் பிரதீப். கொச்சிக்காரர். கையெழுத்து என்ற வார்த்தை அவர் வாயில் வராது. வாங்க மட்டும் தெரியும்.

மறுநாள் காலை கவுண்டரில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளியே முப்பத்தேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

சித்ரா முறைப்படி ஆறாம் பத்தியை வாசித்துக் கண் நலமா என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"வலது கண்ண மூடிக்கிட்டு நான் எத்தன விரல் காட்டுதேன்னு சொல்லு."

அவன் மூடவில்லை. "வீட்டுல கேக்க வேண்டியத ஆபீஸ்ல கேக்காதக்கா."

"வீட்டுலதான் அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியே. யாரும் வற்புறுத்தலயாடா ஒன்ன?"

"பிரதீப் சாரா பிடிச்சுத் தள்ளுதாரு? நானாத்தான் குதிக்கேன்."

"அப்ப ஏன் குதிக்கன்னு ஒங் கையால எழுது."

அவன் பேனாவை வாங்கினான். மகிழ்ச்சிக்காக என்று எழுதத்தான் போனான். 'ம' போட்டான். பிறகு அதை அடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதினான்: 'வீட்டுக்குள்ள இருக்க.'

சித்ரா படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். 'வற்புறுத்தல் உண்டா?' என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினாள். 'யாருடையது?' என்ற இடத்தில் எஸ்டேட்டின் பெயரை எழுதினாள். 'தகுதியில்லை' என்ற சிவப்பு முத்திரையை எடுத்துக் குத்தினாள். முத்திரை புத்தம் புதுசு. நான்கு வருடத்தில் அதை மை தொட்டதே இல்லை.

"வீடு போயிரும்க்கா," என்றான் ஜெகன்.

"கண்ணும் போயி வீடும் போறதுக்கு இது தேவல."

குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை வடை இல்லாமல். கயிற்றைச் சோதிக்காமல் யாரையும் குதிக்கவிட முடியாது, யாராவது குதித்துத்தான் ஆக வேண்டும் என்றார் பிரதீப். சித்ரா மரியாதையாக இரண்டு புதுப் படிவங்களை நீட்டினாள். கயிறு நல்ல கயிறு என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதில் குதித்தும் காட்டலாமே, விருப்பம் இருந்தால் மட்டும்.

நான்கு வருடமாகக் கட்டுக்கட்டாக அச்சடித்த அந்தப் படிவத்தை அவர்கள் அன்றுதான் முதன்முதலாக வாசித்தார்கள். ஊன்றி வாசித்தார்கள். பிரதீப்புக்கு முதுகில் தட்டு விலகல் இருந்தது தெரியவந்தது. மூத்த மகள் பத்தாம் வகுப்பு என்பதும் தெரியவந்தது.

"எனக்குச் சக்கரை இருக்குதுங்க," என்றார் இர்பான். பிறகு அவரே சொன்னார்: "பொய் எதுக்குங்க, பயமாத்தான் இருக்குது. சந்தையில மாட்ட வாங்குறவன்கூட மொதல்ல கண்ணத்தானுங்க பாப்பான்."

ஆபத்தை மறுப்பது மனிதனின் அடிப்படை உரிமை என்று குழு ஒருமனதாகப் பதிவுசெய்தது. அந்த உரிமை குழு உறுப்பினர்களுக்கு முழுமையாக உண்டு. ஜெகன் ஆயிரம் தடவை அதைக் கேட்காமல் இருந்ததால், அவனுக்கு அது தேவைப்படவில்லை என்று கருதலாம்.

பிறகு சித்ராவே வரிசையிடம் போனாள். முன்னால் நின்ற இளைஞனின் சட்டையில் 'பயம் ஒரு பொய்' என்று எழுதியிருந்தது. கோயமுத்தூர்க்காரன். மரணத்தின் கண்ணை நேருக்குநேர் பார்க்க வந்திருப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தான். இன்று சோதனைக் குதிப்பு கிடையாது, கயிறு நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, விருப்பமுள்ளவர்கள் சொந்தப் பொறுப்பில் முதலில் குதிக்கலாம் என்று அவள் அறிவித்தாள்.

"சோதிக்காம எப்படிங்க?" என்றான் அவன்.

"ஆபத்து வேணும்னுதான வந்திய?"

"ஆபத்து வேணுந்தானுங்க. அதுக்குன்னு மொத ஆளாவா? மொதல்ல அந்தப் பனியன் போட்ட தம்பி குதிப்பாருன்னு வீடியோல பார்த்தமே."

உயிரைத் துச்சமாக மதித்து மலையேறி வந்த முப்பத்தேழு பேரில், வேறொருவன் தன் உயிரை முதலில் வைத்துக் காட்டாமல் தன் உயிரை வைக்கத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. பதினோரு மணிக்கு வரிசை கலைந்தது. பயம் ஒரு பொய் என்றவன், போகிற வழியில் பணம் எப்போது திரும்ப வரும் என்று மட்டும் கேட்டான்.

அறம் தோற்கவில்லை, அது அவ்வளவு சுலபத்தில் தோற்கிற சரக்கில்லை. மறுவாரமே பூங்கா திறந்தது. அடுத்த லயத்திலிருந்து எழுபத்திரண்டு கிலோவில் ஒரு புதிய முன்னோடி வந்தான். 'ஏன் குதிக்கிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பதிலையும் அச்சடித்தே வைத்துவிட்டார்கள். சித்ராவுக்கு வேலை இல்லை. ஜெகன் பெயர் பெரட்டிலிருந்து நீங்கியது.

ஒரு மதியம் எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆள் வந்து மூன்று பேரும் கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினான். ஜெகன் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவுக்காக உரக்க வாசித்தான்: "சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலுமின்றி, இந்த வீட்டைக் காலி செய்கிறோம்."

முப்பத்தாறு வருடம் அந்தச் சரிவில் கொழுந்து எடுத்த வேலுத்தாய் வாசற்படியில் நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தாள். பிறகு வந்தவனிடம் கேட்டாள்:

"ஏய்யா, இதுக்குக் கால்ல கயிறு கட்டிவிடுவாகளா?"