ஐஸில் கூடிய நிர்வாகசபை

சிறு தேசங்களுக்கான சர்வதேசக் குளிர்கால விளையாட்டுப் போட்டி இம்முறை லண்டனில் நடக்கிறது என்று அறிந்ததும், தமிழருக்கும் ஓர் அணி இன்றியமையாதது என மனோர் பார்க்கில் கூடிய பொதுக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அணிக்கு முன்னர் சம்மேளனம் வேண்டுமல்லவா? அதுவும் அன்றே உருவானது. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர் எல்லாரும் தெரிவாகி, தேத்தண்ணியும் குடித்து முடிந்த பிறகுதான் எந்த விளையாட்டு என்ற கேள்வி வந்தது.

சிவனேஸ்வரி கையை உயர்த்தினாள். பிளேஸ்டோவில் மருந்துக்கடை நடத்துபவள். முன்பு ஸ்கொட்லாந்தில் இருந்த காலமெல்லாம் கேர்லிங் விளையாடியவள். வழவழப்பான கல் ஐஸில் ஊர்ந்து போகும் இரைச்சல் இப்போதும் சில வேளை அவள் காதில் கேட்கும். லண்டனில் அவளோடு சேர்ந்து விளையாட ஆள் அகப்படவில்லை.

"கேர்லிங் எண்டால் என்ன பிள்ளை?" என்றார் தலைவர் ஆனந்தராஜா.

"நாலு பேர் அண்ணை. ஒராள் கல்லைத் தள்ளிவிடுவார். ரெண்டு பேர் அதுக்கு முன்னால விளக்குமாத்தால ஐஸைக் கூட்டிக்கொண்டு போவினம். மற்றவர் அங்காலை நிண்டு சத்தம் போட்டு வழி சொல்லுவார்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "ஒராள் வேலை செய்ய மற்றவை மேற்பார்வை. எங்களுக்குப் பழகின விசயம்தானே."

"கூட்டுறதும் வேலைதான் அண்ணை."

"அதை உபசெயலாளர் பாப்பார்."

இளம் பிள்ளைகளாகப் பார்த்து எடுப்போம் என்றாள் அவள்.

"இளம் ஆக்கள் பிறகும் இருப்பினம். நிர்வாகசபையின்ர பதவிக்காலம் முடிஞ்சிடும்," என்றார் செயலாளர் சதாசிவம்.

மறுக்க முடியாத நியாயம். நான்கு நிர்வாகிகளே நான்கு வீரர்களாயினர். சிவனேஸ்வரிக்குப் பயிற்சியாளர் பதவி வழங்கப்பட்டது. மனம் சுருங்கினாலும், ஐஸுக்குப் பக்கத்திலாவது நிற்கலாமே என்று ஒப்புக்கொண்டாள்.

சீருடையைச் சம்மேளனத்தின் விம்பிள்டன் உபகுழு வடிவமைத்தது. கம்பளிக் காற்சட்டை, அதற்கு மேல் சரிகை வேட்டி, அதற்கும் மேல் சால்வை. பயிற்சிக்கென ஒதுக்கிய நேரம் படம் எடுப்பதில் போனது.

"வேட்டியோட குனிஞ்சால் தடக்கும்," என்றாள் சிவனேஸ்வரி.

"அப்ப குனியாமல் தள்ளுவம்," என்றார் தலைவர்.

போட்டி நாள் வந்தது. எதிரணி வடகடல் தீவொன்றின் மீனவர்கள். யோசிப்பதற்கு ஒவ்வோர் அணிக்கும் குறித்த நேரம் உண்டு. அது தீர்ந்தால் தோல்வி. முதல் கல் தமிழருக்கு. நடுவர் பீற்றர் மணிக்கூட்டை ஓடவிட்டார்.

முதற் கல்லைத் தலைவர் திறந்துவைப்பதா, சம்மேளன யாப்பு விதிகளின்படி செயலாளர் முன்மொழிவதா என்ற விவாதம் எழுந்தது. உபதலைவர் வரவேற்புரை நிகழ்த்தினார். மங்கல விளக்கை ஐஸில் ஏற்றக்கூடாது என்று நடுவர் தடுத்ததால், போன் வெளிச்சத்தை ஏற்றினார்கள்.

"அண்ணை, மணிக்கூடு ஓடுது."

"ஓடட்டும் பிள்ளை. தீர்மானமில்லாமல் தள்ளிப்போட்டு நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது?"

உபசெயலாளர் திருத்தம் ஒன்றை வாசிக்கத் தொடங்கியபோது நேரம் தீர்ந்தது. நிர்வாகிகள் எதிரணியுடன் கைகுலுக்கி, படம் எடுத்து, சாப்பாட்டுக்குப் போனார்கள்.

சிவனேஸ்வரி போகவில்லை. யாரும் தொடாத கல் அங்கேயே இருந்தது. குனிந்து மெல்லத் தள்ளினாள். அதே இரைச்சல். கல் நிதானமாக ஊர்ந்து போய் இலக்கு வட்டத்தின் நடுவில் நின்றது. மீனவர்கள் கை தட்டினார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான், அணிக்கென நடந்த வரவேற்பு விழாவில் மைக்கைப் பிடித்தாள். மண்டபம் நிரம்பியிருந்தது.

"நாங்கள் ஒரு கல்லும் தள்ளேல்லை. அடுத்த முறை எந்தச் சங்கத்திலையும் பதவியில்லாத நாலு பேரைத் தாங்கோ. நான் பழக்கிறன்."

பலத்த கரகோஷம். பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசைக்காரர் பழைய மாணவர் சங்கத் தலைவர். பக்கத்தில் இருந்தவர் ஊர் ஒன்றியச் செயலாளர். அடுத்தவர் கோயில் நிர்வாகசபை. அதற்கடுத்தவர், அதிலிருந்து பிரிந்த நிர்வாகசபை. கடைசி வரிசை வரை தேடியும் வெறும் மனிதர் ஒருவர்கூட அகப்படவில்லை.

பின்னால் நின்ற வாணி என்ற இளம் பெண் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு விளையாடத் தெரியும்தானே. பயிற்சியாளர் பதவியை விட்டால் நீங்களே ஒராளாச்சே?"

சிவனேஸ்வரி வாய் திறந்தாள். மார்பில் குத்தியிருந்த ‘பயிற்சியாளர்’ என்ற பொன்னெழுத்துப் பட்டியை விரல் தானாகவே தடவிப் பார்த்தது.

"அதை ஆராய ஒரு உபகுழு போடுவம்," என்றாள்.