டவுட் மாஸ்டர் மடித்த பெட்டிகள்

உலகத்தில் யாரையும் நம்பாதவர்களை வரிசையில் நிறுத்தினால், முதல் ஆள் எங்கள் டவுட் மாஸ்டர்தான். பின்னால் நிற்பவன் எதற்கு நிற்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். டெய்லராக இருந்து மேலே வந்தவர். பேர்போன ஊத்துக்குளி வெண்ணெயையே உருக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். பல்வலியில் கன்னம் பன் மாதிரி வீங்கியபோதும் டாக்டரிடம் போகவில்லை.

“மரப்பு ஊசி போட்டுட்டு நல்ல பல்லப் புடுங்கிட்டான்னா நமக்கு எப்பிடீங்க தெரியும்?”



இரண்டாயிரங்களின் நடுவில், நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு, மாமா இருக்கும் அமெரிக்காவில் பல் டாக்டருக்குப் படிக்க நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். தேறினால் விமானம், தேறாவிட்டால் கல்யாணம் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. விரித்த அட்டையின் படம் கொடுத்து, மடித்தால் கீழே உள்ள நாலு பெட்டிகளில் எது வரும் என்று கேட்பார்கள். அது மட்டும் எனக்கு வரவே இல்லை.

துணி வெட்டுகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று அப்பா என்னை மாஸ்டரிடம் அனுப்பினார். மாஸ்டர் புத்தகத்தை முகர்ந்தே பார்த்தார்.

“பல்லுப் புடுங்கறதுக்கு எதுக்கு அம்மிணி பொட்டி மடிக்கோணும்? இதுல என்னமோ இருக்குது.”

படங்களை அட்டையில் வரைந்து, வெட்டி, மடித்தார். புத்தகத்தில் வலப்பக்கம் சரியும் பெட்டி அவர் கையில் இடப்பக்கம் சரிந்தது. அடுத்ததும் அப்படியே.

“விடையே தப்பு. நம்மூருப் புள்ளைக அங்க வந்தறக் கூடாதுன்னு வேணும்னே மாத்தி அடிச்சிருக்கறானுங்க!”

நானும் நம்பித் தொலைத்தேன். மாதிரித் தேர்வில் வந்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்ச மார்க்கும் போயிற்று. வீட்டில் ஜாதகம் வெளியே வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் டெய்லர் செல்வி அக்கா, தைத்து முடித்த பனியனுக்குள் கைவிட்டு உள்பக்கத்தை வெளியே இழுத்தார். எனக்குச் சட்டென்று உறைத்தது. பனியனை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி தைத்து, கடைசியில் திருப்புவார்கள். மாஸ்டர் அந்தக் கைப்பழக்கத்தில், படம் போட்ட பக்கம் உள்ளே போகும்படி பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார்; அதில்தான் வலது இடதாக மாறிப்போனது. பனியனைத் திருப்பலாம். பெட்டியை எப்படித் திருப்புவது?

“மாஸ்டர், படம் வெளிய தெரியற மாதிரி மடிங்க.”

மடித்தார். புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இத உனக்கு ஆரு சொன்னா?”

மறுநாள் காலை, கம்பெனியில் நான் உட்கார்ந்து படிக்கும் மேசையில் அத்தனை பெட்டிகளும் படம் வெளியே தெரிய மடித்து வைக்கப்பட்டிருந்தன. பழைய மடிப்பில் அட்டை பிளந்த இடத்திலெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். அவற்றை வைத்துத்தான் பழகினேன். தேறினேன்.

படிப்பின் கடைசி வருஷம் லீவில் வந்தபோது மாஸ்டர் வீடு தேடி வந்தார். மறுபடியும் அதே கன்னம், அதே வீக்கம். பார்த்தாவது சொல்கிறேன் என்று வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை எடுத்தேன்.

“கண்ணாடியில வலது எடது மாறித்தான அம்மிணி தெரியும்?”

“ஆமாங்க மாஸ்டர்.”

“சூதானமாப் பாரு. நாம ஒருக்கா ஏமாந்துட்டோம்.”

சொல்லிவிட்டு மனுஷன் வாயைத் திறந்தார். கண்ணை வேறு மூடிக்கொண்டார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பல்லே தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.