என் குரலும் மூன்று குருவிக் குஞ்சுகளும்

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறானே என்று நினைப்பாய். இந்த வீட்டில் நான் போனில் பேசக்கூடாது என்று என் மகளே உத்தரவு போட்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஜன்னலுக்கு மேலே இருக்கிற காற்றுத் துளையில் ஒரு சிட்டுக்குருவி மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. உன் மருமகளுக்குக் கல்லூரியில் பறவைகளைப் பற்றித்தான் படிப்பு. மனிதர்கள் போடும் சத்தம் குருவிகளை என்ன பாடுபடுத்துகிறது என்று அவள் கட்டுரை எழுத வேண்டும். ஜன்னலில் ஒரு ரெக்கார்டரைக் கட்டிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, அம்மாக் குருவி வந்து கூப்பிடறது கேட்டாத்தான் குஞ்சு வாயைத் தொறக்கும். சத்தத்துல கேக்கலேன்னா மூடிட்டே கெடக்கும். இரை கெடைக்காது."

எதிர்க் கட்டடத்தில் காலையிலிருந்து டைல்ஸ் அறுக்கிறார்கள், கீழ்வீட்டில் தண்ணி மோட்டார், தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் பைக்கை முறுக்கு முறுக்கு என்று முறுக்குகிறான், நடுவில் அந்தப் பச்சைக் குழந்தைகள் பசியோடு வாயை மூடிக்கொண்டு கிடந்தால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? முப்பத்தொரு வருஷம் தகர டப்பா பாக்டரியில் மேஸ்திரியாக இருந்தவன் நான். தகடு வந்ததும் மெஷினை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தே பழகிய தொண்டை. அதே மாதிரி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாய்க்குருவி புழுவோடு வருவது தெரிந்ததும், "வந்துடுச்சு! எல்லாரும் நிறுத்துங்க!" என்பேன். டைல்ஸ்காரர் நிறுத்தி, "என்ன சார்?" என்பார், நான் விளக்குவதற்குள் குருவி ஊட்டிவிட்டுப் போய்விடும், அவர் மறுபடி ஆரம்பிப்பார், குருவி மறுபடி வரும், நான் மறுபடி எழுந்திருப்பேன். இப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

ஐந்தாம் நாள் டைல்ஸ்காரரே மாடியேறி வந்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க சார். நீங்க கத்துறப்பல்லாம் கை ஆடிப்போகுது. எட்டு டைல்ஸ் கோணலாப் போச்சு. கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சுக்குங்க" என்றார். என்னிடம்! அன்று சாயங்காலம் மகள் ரெக்கார்டரைப் போட்டுக் காட்டினாள். அதில் மோட்டார் இல்லை, பைக் இல்லை, குருவி மருந்துக்குக்கூட இல்லை, நான் ஒருவன்தான் இருந்தேன். அன்றிலிருந்து மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை அக்கா. "குஞ்சு பறக்கற வரைக்கும் உங்க அக்கா வீட்டுல போய் இருங்களேன்" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி. பத்து நாள் இடம் கொடு. அத்தானுக்குக் காது மந்தம், அவருக்கு என்னால் தொந்தரவு இருக்காது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. அத்தானுக்கு என் வணக்கத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தாய்க்குருவி வந்தது, பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன். மகள் ஓடி வந்தாள். தொலைந்தேன் என்றிருந்தேன். அவளோ என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் துளையைக் காட்டினாள். எதிரே டைல்ஸ் மெஷின் அலறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மூன்று குஞ்சும் ஆவென்று வாயைத் திறந்திருந்தன! நான் கத்தினால் சாப்பாடு வரும் என்று கற்றுக்கொண்டுவிட்டன. "அப்பா, அடுத்த தடவை அது வர்றப்பவும் கத்துங்கப்பா" என்றாள். அவள் பேசிவிட்டாள் அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகையால் நான் வரவில்லை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஜன்னலில் டியூட்டி. உன் பக்கம் தரை போடுகிற வேலை ஏதும் இருந்தால் மட்டும் சொல். நம் டைல்ஸ்காரர், பாவம், அமைதியான தெருவாக ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.