பாரத்துக்குப் பாரம்

குறுக்குக் கம்பி பூட்டுப்படவில்லை. கம்பிக்கும் கொளுக்கிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி நின்றது. அந்த நாலு விரலுக்குள்ளும் அருந்ததிதான் இருந்தாள்.

“மூச்சை உள்ளுக்கு இழு மச்சாள்,” என்றாள் பத்மாவதி.

“இழுத்துத்தான் வைச்சிருக்கிறன்.”

“இன்னும் கொஞ்சம் இழு.”

“இனி இழுத்தால் சீலைதான் உள்ளுக்கு வரும்.”

இராட்டினத்துக்குச் சொந்தக்காரனான மார்க்கண்டு ஒரு பக்கத்தால் கம்பியை அமத்தினான். இழுத்துச் சுற்றும் ஆட்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்து நின்றார்கள். மண்ணெண்ணெய் கண்ணில் படாத காலம். மெசின் ஒரு மூலையில் சாக்கால் மூடிக் கிடக்க, இராட்டினம் மனிதக் கையால்தான் சுற்றியது.

கரவெட்டியில் அன்று பிள்ளையார் கோயில் திருவிழா. வெங்காயம் கிண்டி முடித்த பக்கத்துத் தோட்டக்காணிக்குள் கச்சான் கடலைக் கடை, காப்புக் கடை, இந்த இராட்டினம். ஆனால் அருந்ததி வீட்டார் திருவிழாவுக்கு மட்டும் வரவில்லை. அளவெட்டியிலிருந்து மாப்பிள்ளை பகுதியார் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் ஊர் கதைக்கும். அதனால் அவர்களும் தற்செயலாகச் சாமி கும்பிட வருவார்கள், இவர்களும் தற்செயலாக நிற்பார்கள். தற்செயலுக்கு என்று இரண்டு பகுதியும் ஒரு மாதமாக ஆயத்தம் செய்திருந்தது.

இதற்கு முன்னும் இரண்டு பகுதி இப்படி வந்தது. சாதகம் பொருந்தித்தான் வந்தார்கள். அருந்ததியை நேரில் கண்டு, திருநீறு பூசி வெளியே போவதற்குள் கிரகங்கள் இடம் மாறிவிட்டன. தையல் ரீச்சரான அவளுக்கு ஊரில் எல்லாருடைய அளவும் தெரியும். தன் அளவும் தெரியும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. வந்து பார்க்கிறவர்கள்தான் ஒவ்வொரு முறையும் வருத்தத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இந்த முறையும் அப்படி நடந்தால் இனி யார் முன்னாலும் போய் நிற்பதில்லை என்று மனதுக்குள் சொல்லி வைத்திருந்தாள்.

“அவையள் உன்னைப் பாக்கமுன்னம் நீ அவரைப் பாத்தால் என்ன?” என்று கேட்டவள் மாமன் மகள் பத்மாவதி. “இராட்டினத்திலை ஏறினால் றோட்டு முழுக்கத் தெரியும்.”

சின்ன வயதில் இப்படி ஒரு இராட்டினத்தடியில், “நீர் நிண்டு பாரும் பிள்ளை,” என்று சொல்லி அவளை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார்கள். இன்றைக்கோ மார்க்கண்டு தூரத்திலேயே அவளைக் கண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“தங்கச்சி, வாங்கோ. ரிக்கற் வேண்டாம். உங்களைப்போல ஒராளைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

அப்படி ஒரு வார்த்தையை அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில் ஏன், எதற்கு என்று கேட்கவும் தோன்றவில்லை.

கடைசியில் பத்மாவதி கம்பியின்மேல் ஏறியே இருந்துவிட்டாள். டங்கென்று ஒரு சத்தம். கம்பி பூட்டுப்பட்டது. கொளுக்கி வளைந்தும் போனது.

“இது இனித் திறபடுமோ அண்ணை?” என்றாள் அருந்ததி.

“அதைப் பேந்து பாப்பம்,” என்று சொல்லி மார்க்கண்டு சில்லுக்குக் கொடுத்திருந்த கட்டையை உருவினான்.

அவள் இருந்த கதிரை எழும்பியது. கால் நிலத்தை விட்டது. வேலி இறங்கிப் போனது, கச்சான் கடைக்காரியின் குடை இறங்கிப் போனது, வேப்பமரம் இறங்கிப் போனது. இத்தனை காலமும் அண்ணாந்து பார்த்த பனைகளின் வட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் நேருக்கு நேர் பார்த்தாள். வடமேற்கே, தொண்டைமானாற்றுப் பக்கம், வெயிலில் தண்ணீர் தகடு தகடாக மின்னியது. அதற்கு அப்பால் கடல். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். இன்னும் ஒரு சுற்று, இன்னும் பத்துச் சுற்று என்று மனம் கிடந்து துள்ளியது.

உச்சியில் போய் இராட்டினம் நின்றுவிட்டது.

“ஏன் அண்ணை நிப்பாட்டினனீங்கள்?”

மார்க்கண்டு கீழே நின்று விளங்கப்படுத்தினான். விளங்க விளங்க அவளுக்குச் சிரிப்பு அடங்கியது. மத்தியானம் உடம்பான ஒருவரை ஏற்றி, எல்லாரும் சேர்ந்து இழுத்து, உச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இறக்கத்தான் முடியவில்லை. கையை விட்டால் அந்தப் பாரத்துக்கு இராட்டினம் சுழன்று அடித்துக்கொண்டு கீழே வரும். அதனால் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, எதிர்ப் பக்கத்துக்குச் சரியான பாரம் வரும்வரை காத்திருந்தார்கள். வந்த பாரம் அருந்ததி. இப்போது அவர் கீழே, அவள் மேலே.

“அப்ப அவரை இறக்கிப்போட்டு என்னை இறக்குங்கோவன்.”

“அவர் இறங்கினால் நீங்கள் சுழண்டுகொண்டு வருவியள், தங்கச்சி.”

“அப்ப வந்த மாதிரியே திருப்பிச் சுத்துங்கோ.”

“சுத்தலாம். பிறகு அவர் மேலை நிப்பார். அவரை இறக்க உங்களைத்தான் திரும்ப ஏத்தவேணும்.”

வெங்காய மூட்டை எடுக்க ஆள் போயிருக்கிறது, மூட்டைகளை அவருடைய கதிரையில் வைத்தால் அவரும் இறங்கலாம், அவளும் இறங்கலாம் என்று சொல்லிவிட்டு மார்க்கண்டு அப்பால் போனான். அப்போது நேர் கீழேயிருந்து வேறொரு குரல் வந்தது. கதிரைகளுக்கெல்லாம் தகரத்தால் கூரையும் முதுகும் அடித்திருந்தபடியால் ஆளைத் தெரியவில்லை.

“பயப்பிடாதேங்கோ. மூட்டை வருமட்டும் நான் இறங்கமாட்டன்.”

“நீங்களோ மத்தியானம் தொட்டு மேலை இருந்தனீங்கள்?”

“ஓம்.”

“உங்கடை கம்பியும் இறுகிப்போச்சோ?”

“என்ரை கம்பி பூட்டுப்படவேயில்லை. கையாலைதான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.”

“கடவுளே. பிறகேன் ஏறினனீங்கள்?”

“ஊர் பாக்கலாமெண்டு.”

“பாத்தியளோ?”

“எங்கை. கண்ணை மூடிக்கொண்டல்லோ இருந்தனான்.”

அவளுக்குத் திரும்பவும் சிரிப்பு வந்தது. தகரக் கூரைக்குக் கீழேயும் ஒருவர் சிரித்தார். கடல் தெரிகிறது என்று அவள் சொன்னாள். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். அவர் காணத் தவறியதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக மேலேயிருந்து சொல்ல, அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வளைந்த கொளுக்கி அவளுக்குக் கொஞ்ச நேரம் மறந்தே போனது.

“உங்களோடை கதைச்சுக்கொண்டிருக்க நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனால் நான் கெதியா இறங்கவேணும். அளவெட்டியிலையிருந்து என்னைப் பாக்க வருகினம்.”

கீழே பெரிதாக ஒரு இருமல் கேட்டது. கச்சான் தொண்டைக்குள் போய்விட்டது என்றார் அவர்.

தட்டிவான் வந்து கோயில் வாசலில் நின்றதை அவள்தான் முதலில் கண்டாள். கத்தரிப்பூ நிறப் பட்டுடுத்த ஒரு அம்மா இறங்கினா. வண்டிக்குள் வேறு யார் யாரோ இருந்தார்கள், மாப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஒருவரும் இறங்கவில்லை. அந்த அம்மாவும் இறங்கிய கையோடு நாலு பக்கமும் யாரையோ தேடினா.

அதற்குள் பத்மாவதி போய்ச் சொல்லி, தாய் இரத்தினம்மா இராட்டினத்தடிக்கு வந்து சேர்ந்தாள்.

“எடியே, உதிலை என்ன செய்யிறாய்?”

“ஊர் பாக்கிறன் அம்மா.”

“ஊர் உன்னைப் பாக்குதடி. சீலைத் தலைப்பாலை மூடிக்கொண்டு இரு, அவையள் கண்டிடுவினம்.”

அவள் மூடிக்கொண்டாள். அதுவரை அவளைக் கவனியாத சனம் அதற்குப் பிறகுதான் கவனித்தது. மேலே ஒரு பெண்ணுக்கு மயக்கமாம் என்றார் ஒருவர். சாமி வந்திருக்கிறதாம் என்றார் இன்னொருவர். யாரோ ஒரு கிழவி கற்பூரம் வாங்கப் போனா.

இரத்தினம்மா கோயில் வாசலுக்குத் திரும்பி ஓடியதை அருந்ததி தலைப்புக்குள்ளால் பார்த்தாள். என்ன நடந்தது என்பதைப் பத்மாவதி வந்து வந்து சொன்னாள். மகள் எங்கே என்று மாப்பிள்ளையின் தாய் சிவக்கொழுந்து கேட்டிருக்கிறா. வெளிவீதியில் அடியழிக்கிறாள் என்று இரத்தினம்மா சொல்லியிருக்கிறாள். இந்தக் கொதிக்கிற மணலில் விழுந்து கும்பிட்டு வீதி சுற்றுகிற பிள்ளையை இப்போதே பார்க்கவேண்டும் என்று சிவக்கொழுந்து உருகிவிட்டா. பிறகென்ன, இல்லாத பிள்ளையைத் தேடி இரத்தினம்மா அவவைக் கோயிலைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டு திரிந்தாள். மேலேயிருந்து பார்க்க, கத்தரிப்பூப் பட்டு ஒவ்வொரு மூலையிலும் நின்று எட்டிப் பார்த்தது.

“அண்ணை, மூட்டை வந்திட்டுதோ?” என்று அருந்ததி கூப்பிட்டுக் கேட்டாள்.

“இன்னும் இல்லை,” என்றது தகரத்துக்குக் கீழிருந்த குரல்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“வருமாம். நீங்கள் அந்தரப்படாதேங்கோ. கடலைப் பாருங்கோ.”

பத்மாவதிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் நேராக ஒலிபெருக்கிக்காரனிடம் போனாள். கொஞ்ச நேரத்தில் நாதசுரம் நின்றது. உழவு மெசின் பற்றரியில் வேலைசெய்த ஒலிபெருக்கி இரண்டு முறை இருமிவிட்டு அறிவித்தது:

“உடம்பான அடியார்கள் உடனடியாக இராட்டினத்தடிக்கு வரவும். மெலிந்த அடியார்கள் அங்கு சென்று இடைஞ்சல் செய்யவேண்டாம்.”

உடனே மெலிந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். உடம்பானவர்களும் வந்தார்கள்தான், ஆனால் வந்த ஒவ்வொருவரும் கூப்பிட்டது தன்னை அல்ல என்றே நினைத்திருந்தார். உங்களைத்தான் கூப்பிட்டது, போங்கோ என்று ஒருவர் மற்றவரை முன்னுக்குத் தள்ளினார். விட்டால் கைகலப்பில் முடியும் போலிருந்தது.

இதற்குள் அருந்ததி வேறொரு காட்சியைக் கண்டாள். கோயில் பக்கமிருந்து, பட்டுச் சீலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சிவக்கொழுந்து இராட்டினத்தை நோக்கி ஓடி வந்தா. அவவைப் பிடிக்க இரத்தினம்மா பின்னால் ஓடி வந்தாள்.

“உங்களுக்கு இஞ்சை என்ன அலுவல்?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள் இரத்தினம்மா. “வாங்கோ, கச்சான் வாங்குவம்.”

“இல்லை, ஆருக்கோ ஆபத்தோ எண்டு பாக்க வந்தனான்.” சிவக்கொழுந்தின் கண் சனத்துக்குள் அங்கும் இங்கும் அலைந்தது. “உங்கடை மகள் இன்னும் அடியழிக்கிறாவோ?”

“ஓம், இன்னும் இரண்டு சுத்து இருக்கு. உங்கடை மகன்?”

“பின்னாலை வாறார். காவடிக்காரருக்குத் தண்ணி ஊத்திறார்.”

“அருமையான பிள்ளை.”

“உங்கடை பிள்ளையும்.”

இரண்டு தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் களவாகத் தேடினார்கள்.

மேலே, தலைப்புக்குள், அருந்ததிக்கு வேர்த்தது. கதவுக்குப் பின்னால், குத்துவிளக்குக்குப் பின்னால், தகப்பனுக்குப் பின்னால் என்று அவளை ஒவ்வொரு முறையும் ஒன்றுக்குப் பின்னால் நிறுத்தித்தான் காட்டினார்கள். இன்றைக்கு ஊரிலேயே உயர்ந்த இடத்தில் வைத்தும் மூடச் சொல்கிறார்கள். கடலைப் பார்த்த பிறகு இனித் தலைப்புக்குள் இருக்க அவளுக்கு ஏலவில்லை. சீலையை உதறித் தலையிலிருந்து எடுத்தாள். காற்று வந்து முகத்தில் அடித்தது.

“மாமி, இஞ்சை மேலை பாருங்கோ.”

கூடி நின்ற அத்தனை முகமும் அண்ணாந்தது.

“நான் அடியழிக்கேல்லை. இராட்டினம் ஏற ஆசைப்பட்டு ஏறினனான், கம்பி இறுகிப்போச்சு. நீங்கள் பாக்க வந்த பிள்ளை நான்தான். இப்ப வடிவாப் பாருங்கோ. பாத்துப்போட்டுப் பிடிச்சால் பிடிச்சதெண்டு சொல்லுங்கோ, இல்லாட்டில் இல்லையெண்டு சொல்லுங்கோ. கிரகத்திலை மட்டும் பழியைப் போடாதேங்கோ.”

இரத்தினம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். ஒலிபெருக்கிக்காரன்கூட நாதசுரத்தைப் போடாமல் பார்த்து நின்றான். சிவக்கொழுந்து கண்ணுக்குமேல் கையை வைத்து, வெயிலில் முகத்தைச் சுளித்து, மேலே பார்த்தா. கனநேரம் பார்த்தா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அருந்ததி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளையைக் கெதியா இறக்குங்கோ தம்பி,” என்றா சிவக்கொழுந்து கடைசியில். “என்ரை மகன் பின்னாலை வாறார். அவர் வந்து சொல்லட்டும்.”

மார்க்கண்டு முகத்தைத் துடைத்தான். கீழே நின்ற தகரக் கதிரையை ஒருமுறை பார்த்தான், மேலே ஒருமுறை பார்த்தான்.

“உங்கடை மகன் பின்னாலை வரேல்லை அம்மா, மத்தியானமே வந்து உந்தக் கதிரைக்குள்ளைதான் இருக்கிறார், வெங்காய மூட்டை எப்பவோ வந்திட்டுது, தங்கச்சி கீழை வந்தால் தன்ரை உடம்பைப் பாத்திட்டு வேண்டாமெண்டு சொல்லிப்போடுமாம் எண்டு, மூட்டையை ஏத்த விடாமல், எழும்பவும் மாட்டாமல் அவர்தான் நான் உடுத்த சாரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறார்.”