மேனேஜருக்கு நான் கொடுக்காத சாக்லெட்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் பயிற்சி வகுப்பு நன்றாக நடக்கிறதா? "அனைவரும்" என்பதில் உங்கள் கிளி மேனேஜரைச் சேர்க்கலாமா என்றுதான் தெரியவில்லை. போர்வைக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன பட்டியலை மனப்பாடமே செய்துவிட்டேன். ஆப்பிள் தரலாம், விதை கூடாது. கேரட், வேகவைத்த சோளம் நல்லது. சூரியகாந்தி விதை நாளுக்கு ஆறுதான், ஏழாவதுக்குக் கத்தினாலும் காது கேட்காத மாதிரி இருக்க வேண்டும். சாக்லெட் விஷம், அதன் கீழே மட்டும் மூன்று கோடு. ஆனால் யாராவது எதிரே நின்று தின்று காட்டினால்தான் மேனேஜர் வாய் வைப்பார் என்பதை எழுத மறந்துவிட்டீர்களே! நாலு நாளாகப் பச்சைக் கேரட்டைக் கடித்து எனக்குத் தாடை வலிக்கிறது. அம்மா வேறு, "நான் கெஞ்சுனப்போ ஒரு துண்டு தொட்டியாடி? கிளிக்குன்னா மட்டும் முழுசா இறங்குதோ?" என்கிறாள்.

இனிமேல்தான் பயமாக இருக்கிறது அத்தை. வகுப்புத் தோழி பிறந்தநாளுக்குக் கொடுத்த சாக்லெட்டை, சொத்தைப் பல்லுக்காக அம்மா பிடுங்கிவிடுவாளே என்று, கூண்டுக்குப் பின்னால் விதை டப்பாவில் ஒளித்து வைத்தேன். இன்று பள்ளிவிட்டு வந்து பார்த்தால் டப்பாவில் சாக்லெட்டைக் காணோம், சாக்லெட் சுற்றிய காகிதம் கூண்டுக்குள் சுக்குநூறாகக் கிடக்கிறது, மேனேஜர் பட்டப்பகலில் இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிகிறார், நடுநடுவே ஏதோ முனகுகிறார். அப்பாவைக் கூப்பிட்டால், "தூங்குற கிளிய எழுப்பாதம்மா" என்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஃபோனில் உங்களிடம் சொன்னால் அழுதுவிடுவேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன். விடிந்ததும் அம்மாவை எழுப்பி, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்வேன். அப்புறம் என்ன திட்டினாலும் சரி. மேனேஜர் மட்டும் பிழைக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை வெறுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: இப்போது மறுபடியும் போய்ப் பார்த்தேன். கூண்டுக்கு எதிரே இருட்டில் அப்பா! இனிப்பே கூடாது என்று டாக்டர் சொன்ன அதே அப்பா, வாய் நிறைய கேக். "அப்பா, கிளிக்குச் சாக்லெட் குடுத்தீங்களா?" என்றேன். "சீச்சீ, அது விஷமாச்சே! நேத்து ராத்திரி டப்பாவுல இருந்தத நான் தின்னப்போ எனக்கும் வேணும்னு கத்துச்சு, வெறும் காகிதத்தக் குடுத்தேன். நாலு நாளா ராத்திரியில எனக்கு இதுதாம்மா துணை" என்றார். பகலில் மேனேஜர் ஏன் தூங்குகிறார் என்று புரிந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாத, அத்தைகிட்டயும் சொல்லிடாத" என்று அப்பா கையைப் பிடித்தார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன், எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. ஆனால் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. இந்தத் துண்டுத்தாளைப் பக்கவாட்டில் செருகுகிறேன். ஆகவே அத்தை, முதலில் இதைப் படித்துவிட்டு, மற்றதைப் படிக்காமல் கிழித்துவிடவும். நீங்கள் வந்ததும் மேனேஜர் அப்பா குரலில் "சொல்லிடாத, சொல்லிடாத" என்று கத்துவார். அம்மா கேட்டால், ஒன்றுமில்லை, கேரட் தின்ற தெம்பு.