சாம்பல்முகனும் ஒளிமுகனும் மோதிய பிற்பகல்

வாழ்க மூணரை. இருபத்தாறு மெக்கானிக்குகளுள் மூத்தவனும் அல்லன், இளையவனும் அல்லன். எண்ணெய்க் கறையையே கவசமாகப் பூண்டவன். பன்னிரண்டு மாடி ஏறிப் பன்னிரண்டு மாடி இறங்கும் இரும்புப் பெட்டிகளின் நாடி பிடித்து நோய் சொல்பவன். இரு தளங்களுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டின் கதவை விரல்நுனியால் பிளந்து, உள்ளே வியர்த்து வாடிய மாந்தர் பலரை வெளிச்சத்துக்கு மீட்டும், அவர்களுள் ஒருவர் வாயிலும் நன்றி என்ற சொல்லைக் கேட்டறியாதவன். அவனைப் பாடப் புலவர் எவரும் முன்வராததால் இந்த உரைநடை பாடுகிறது.

பெயர்க் காரணம் சுருக்கமானது. நாள்தோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு அவன் காணாமல் போவான். நான்கு மணிக்குத் திரும்பக் கிடைப்பான். இடையில் பைக்கில் பள்ளிக்குச் சென்று, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்துப் பக்கத்து வீட்டில் விட்டு வருவான். வீட்டில் அழைத்துவர வேறு ஆள் இல்லை. இது அலுவலகம் முழுவதற்கும் தெரியும், மேலாளர் ஒருவரைத் தவிர. மூன்றரை மில்லிமீட்டர் ஸ்குரூ கழற்றுவதில் அவன் கெட்டிக்காரன் என்பதால் அந்தப் பெயர் வந்ததாக அவர் நம்பினார். அவர் நம்பியவை பல. அவற்றுள் இது தீங்கற்றது.

இனி மேலாளர். சட்டைப் பையில் மூன்று பேனா தரித்த மார்பினர், சுழல்நாற்காலி வேந்தர், லிஃப்ட் கம்பெனிக்குத் தலைவராக இருந்தும் லிஃப்டில் தனியே ஏற அஞ்சுபவர். அவருக்கென்று ஓர் அரச உரிமை இருந்தது. புதிய லிஃப்டின் எஃகுச் சுவர்கள் கீறல் படாதிருக்க நீலப் பிளாஸ்டிக் உறை ஒட்டப்பட்டு வரும். ஒப்படைக்கும் நாளில், வாடிக்கையாளர் கண்முன்னே, முதல் உறையை உரிப்பவர் அவரே. கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையை நெருடி, மெல்லத் தூக்கி, சர்ரென்று ஒரே இழுப்பில் உரித்தெடுத்து, அடியில் பளிச்சிடும் எஃகில் தம் முகத்தைத் தாமே கண்டு மகிழ்வார். ஒருமுறை ஆர்வத்தில் ஒரு மூலையை உரித்துப் பார்த்த மெக்கானிக், அடுத்த வாரமே மூட்டை ஏற்றும் லிஃப்ட் பிரிவுக்கு மாற்றப்பட்டான்.

போர் மூண்ட காரணம் வருமாறு. ஒரு கட்டடத்தின் வாசலில் எதிர்க் கம்பெனியின் மெக்கானிக்கை மேலாளர் கண்டார். அவன் கையில் டேப்லெட் ஒன்று இருந்தது. அவன் அதில் என்ன செய்தான் என்று இவர் பார்க்கவில்லை. அது இருந்தது, அதுவே போதும். பொறாமைத் தீ பற்றிய நெஞ்சினராய் அலுவலகம் மீண்டவர் பிரகடனம் செய்தார்:

"அவன் ஆளுங்க எல்லாரும் கையில தட்டு வச்சிருக்கான். நம்ம ஆளுங்க மேனுவலைச் செங்கல் மாதிரி தூக்கிட்டு அலையறான். இனிமே நமக்கும் ஒண்ணு வேணும்."

மேனுவலை யாரும் தூக்கிக்கொண்டு அலையவில்லை. அறுநூறு பழுது எண்களும் அவற்றின் மருந்துகளும் அடங்கிய அந்த நான்கு தொகுதிகள், வேனின் பின்சீட்டில், சாப்பாட்டு டப்பாக்கள் சாயாமல் தாங்கும் திருப்பணியை ஆண்டுக்கணக்கில் ஆற்றிவந்தன.

குறித்த நாளில், பிற்பகல் இரண்டு மணிக்கு, மேலாளர் வரவழைத்த இரு விற்பனைப் படைகளும் அலுவலகம் புகுந்தன. முதலில் வந்தவன் கோட்டுக்காரன். டேப்லெட் விற்பவன், தேய்த்த மடிப்பு கலையாத இளைஞன், மூச்சு விடும் இடைவெளியிலும் இன்னொரு வசதியைச் சொருகும் நாவலன். அவன் பெட்டியிலிருந்து ஒளிமுகன் எழுந்தருளினான்: கண்ணாடி மேனியன், ஆயிரம் வண்ணன், தொட்டால் சிலிர்ப்பவன். அடுத்து வந்தவர் இ-ரீடர் விற்கும் அம்மையார். பழுப்புத் துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார். அதிலிருந்து சாம்பல்முகன் வெளிப்பட்டான்: நிறமிலான், ஒலியிலான், பள்ளிச் சிலேட்டுக்குத் தூரத்து உறவினன்.

கோட்டுக்காரன் வெள்ளமெனப் பேசினான்.

"சார், இதை வெறும் டேப்லெட்டுன்னு நினைக்காதீங்க. படம் பார்க்கலாம், படம் வரையலாம், பதினெட்டு மொழி பேசும், நீங்க எத்தனை அடி நடந்தீங்கன்னு சொல்லும்."

"மேனுவல் படிக்க முடியுமா?" என்று கேட்டாள் ரிஜிஸ்டர் அக்கா. லிஃப்ட் நின்றுபோனால் வரும் தொலைபேசிப் புலம்பல்களையெல்லாம் பதிவேட்டில் எழுதி, ஆளனுப்பும் அதிகாரம் படைத்தவள்.

"அதுவும் முடியும் மேடம்" என்றான் அவன், சற்றே யோசித்து. பிறகு குரலைத் தாழ்த்தினான். "முக்கியமானது இனிமேதான் சார். உங்க ஆளு எங்க நிக்கிறான், எவ்வளவு நேரமா நிக்கிறான், எல்லாம் இந்தச் சுவத்துல மேப்புல தெரியும். ஆளுக்கு ஒரு புள்ளி."

மேலாளரின் விழிகள், நெடுநாள் மின்தடைக்குப் பின் எரிந்த விளக்குகள் போல் ஒளிர்ந்தன. மூணரை ஓரமாக நின்றிருந்தான். மூன்றரை தாண்டிப் பள்ளி வாசலில் நிற்கும் ஒரு புள்ளியை அவன் மனக்கண்ணில் கண்டான். அந்தப் புள்ளி அசையாமல் அவனைத் திருப்பிப் பார்த்தது.

அம்மையாரின் முறை வந்தது.

"இது படிக்க" என்றார்.

"படம் ஓடுமா?"

"ஓடாது சார்."

"கேமரா?"

"இல்ல."

"மேப்பு?"

"அதுவும் இல்ல. ஒரு தடவை சார்ஜ் போட்டா மூணு வாரம் வரும். வெயில்ல நல்லா தெரியும். அவ்வளவுதான்."

இல்லை என்னும் சொல் இத்தனை தேன்சொட்ட இதுவரை எவர் காதிலும் விழுந்ததில்லை. மூணரை அந்தக் கணமே சாம்பல்முகனின் படையில் சேர்ந்தான். சேர்ந்ததை எவரிடமும் சொல்ல இயலாதவனாய்ச் சேர்ந்தான்.

மேலாளர் ஆணையிட்டார்: "பேச்சு வேணாம். களத்துல பார்த்துடுவோம். முதல்ல மொட்டை மாடி, அப்புறம் லிஃப்ட் குழி. ரெண்டையும் மூணரை பிடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும்."

தன் விதிக்குத் தானே தீர்ப்பெழுதும் வாய்ப்பு எத்தனை வீரர்க்கு வாய்க்கும்? மூணரை பரபரப்பைக் காட்டாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டான். ஐவரும் மாடி ஏறினர். மேலாளர் வற்புறுத்தியதால் படிவழியாக.

மொட்டை மாடியில் கதிரவன் தன் முழுப் படையோடும் இறங்கியிருந்தான். ஒளிமுகனை மூணரை உயர்த்திப் பிடித்தான். என் சொல்ல? ஆயிரம் வண்ணமும் அஞ்சி உள்ளே ஒடுங்கின. திரை வெறுங்கண்ணாடி ஆயிற்று. எட்டிப் பார்த்த மேலாளர் அதில் தம் தலையை மட்டுமே கண்டார். கண்டதும் முடியைக் கோதிக்கொண்டார். கோட்டுக்காரன் தன் கோட்டைக் கழற்றிக் குடையாகப் பிடித்தான். அந்தக் குடைநிழலிலும் பன்னிரண்டு நிமிடமே தாங்கிய ஒளிமுகன், ஒரு வெப்பமானிப் படத்தைக் காட்டி, தனக்குச் சூடாக இருப்பதாக அறிவித்து, கண்மூடினான். வெயில்தாங்கும் ஓடு, வெயில்தாங்கும் காகம், வெயில்தாங்கும் மெக்கானிக் ஆகியோர் நடுவே அவன் ஒருவனே மயங்கி விழுந்தான்.

சாம்பல்முகனோ வெயிலில் பிறந்தவன்போல் விளங்கினான். எழுத்துகள் வரிசை பிறழாக் கட்டெறும்புகளெனக் கறுத்து நின்றன.

"நானூத்திப் பதினேழு, கதவு சென்சார் பழுது" என்று இரண்டடி தள்ளி நின்றே படித்தான் மூணரை. "தெளிவா தெரியுது சார்."

"ம்" என்றார் மேலாளர், புள்ளிகளை இழக்க மனமில்லாதவராய்.

அடுத்த களம் குழி. லிஃப்ட் தடத்தின் அடியில், நெடுங்கயிறுகள் தொங்கும் இருட்டில், எண்ணெயும் தூசியும் எவரோ தவறவிட்ட சில்லறையும் கிடக்கும் பாதாளம். மூணரை இறங்கினான். மயக்கம் தெளிந்த ஒளிமுகன் இங்கே முழுமதி போல் சுடர்ந்தான். சாம்பல்முகன் இருளோடு இருளானான்.

"இந்த மாடல்ல லைட் இல்ல" என்றார் அம்மையார். பொய் சொல்லத் தெரியாத வணிகர், அதனாலேயே நரைத்தவர்.

கோட்டுக்காரன் முறுவலித்தான். அவன் முறுவல் முடியுமுன், மூணரை டார்ச்சைப் பல்லிடுக்கில் கவ்வினான். இரு கையும் வேலைக்கு வேண்டியிருப்பதால் லிஃப்ட் மெக்கானிக்குகள் வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே கற்கும் கலை அது. எண்ணெய் விரலால் இ-ரீடரின் ஓரப் பொத்தானை அழுத்தி, டார்ச்சைக் கவ்விய வாயாலேயே, பழுது எண் ஐந்நூற்று இரண்டைக் கடகடவென ஒப்பித்தான். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆயினும் படிக்கிறான் என்பதில் ஐயமில்லை.

"டார்ச் இல்லாம படிக்க முடியாதே சார். அப்போ ரெண்டு கருவி ஆயிடுச்சே" என்றான் கோட்டுக்காரன்.

"டார்ச் அவன் வாயில எப்பவும் இருக்கும் தம்பி. வெத்தல பாக்கு மாதிரி" என்றாள் ரிஜிஸ்டர் அக்கா மேலிருந்து.

பிறகு அதே எண்ணெய் விரலால் மூணரை ஒளிமுகனைத் தொட்டான். கள்ளத்தனம் எதுவும் இல்லை. அவனுக்கு வேறு விரல் இல்லை. ஒளிமுகன் வழுக்கினான். மேனுவல் திறக்க வேண்டிய இடத்தில் திரைப்படம் ஒன்று திறந்தது. பாதாளம் அதிர மேளம் கொட்டியது. துடைத்தான், நாயகன் நாயகியைத் துரத்தினான். மீண்டும் துடைத்தான், ஒலி கூடியது.

வாகை சாம்பல்முகனுக்கே என்று எழுதிவிட்டு இந்தக் கதையை முடித்திருக்கலாம். மேலாளரே மனம் தேறி, "சரி, வெயிலும் எண்ணெயும்தான் நம்ம பொழப்பு. இதையே எடுத்துக்கலாம் போலிருக்கு" என்று படியேறும்போது சொல்லியும் விட்டார். மணி மூன்றேகால். அம்மையார் பல மாதங்களில் முதன்முறையாக மூச்சை முழுதாக விட்டு, முகம் கழுவப் போனார். மூணரை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான்.

அந்த நேரம் மேலாளர் சாம்பல்முகனைக் கையில் எடுத்தார். ஓரப் பொத்தானை அழுத்தி அணைத்தார். எழுத்துகள் போகவில்லை. மீண்டும் அணைத்தார். பழுது எண் ஐந்நூற்று இரண்டு என்று அது அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அணைத்தபின்னும் கடைசிப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருப்பது அந்தக் கருவியின் இயல்பு என்பதைக் கோட்டுக்காரன் அறிவான். அறிந்தும் தன் டையைச் சரிசெய்தான்.

மேலாளருக்குப் புரிந்துபோயிற்று. புரியாதவை யாவும் அவருக்கு அப்படித்தான் புரியும். இது உறை. மாதிரிக்காக அச்சடித்து ஒட்டி அனுப்பிய உறை. பாவம், உரிக்க மறந்திருக்கிறார்கள். அவருடைய கட்டைவிரல் நகம் தன் அரச உரிமையை உணர்ந்து துடித்தது. மூலையை நெருடினார். வரவில்லை. நல்ல ஒட்டு என்று மெச்சினார். வீட்டுச் சாவியை எடுத்தார். விளிம்பில் செருகி, நெம்பி, ஆயிரம் லிஃப்டுகள் உரித்த அனுபவமெல்லாம் திரண்ட ஒரே இழுப்பு இழுத்தார்.

டொக்.

வெயிலில் வாடாதவன், இருளில் தோற்காதவன், எண்ணெய்க்கு அஞ்சாதவன், முகத்தில் பாதி கறுத்து, மீதியில் கோடுகள் ஓட, மேலாளரின் மடியில் உயிர்விட்டான்.

முகம் துடைத்தபடி வந்த அம்மையார் வாசலிலேயே நின்றார்.

"சார், அது ஸ்டிக்கர் இல்ல. அதுதான் ஸ்க்ரீன்."

பெருமன்னர்கள் பிழை செய்யும்போது பிழைதான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். மேலாளர் பேனாக்களைத் தொட்டுச் சரிபார்த்தார்.

"உரிக்கிறதையே தாங்காத பொருள், களத்துல எப்படிம்மா தாங்கும்?"

"நாளைக்கு வேற ஒண்ணு கொண்டுவரேன் சார். மறுபடி டெஸ்ட் வைங்க. அந்தத் தம்பியையே கேளுங்க, எப்படி இருந்துச்சுன்னு." அவர் மூணரையைப் பார்த்தார். அந்த மாதம் விற்பதற்காக அவர் ஏறிய பதினோராவது வாசற்படி இது.

மேலாளருக்கும் உள்ளூர வெட்கம். "சரி, சொல்லுடா மூணரை. மறுபடி டெஸ்ட் வைக்கணுமா? ஏன்னு விவரமா சொல்லு. உட்காரு."

வரலாறு வாய் திறந்து காத்திருந்தது. சொல்வதற்கு அவனிடம் வெயில் இருந்தது, எண்ணெய் இருந்தது, மேளம் கொட்டிய படம் இருந்தது. விவரமாகச் சொன்னால் அரைமணி ஆகும், வென்றும்விடலாம். கடிகாரத்தில் மூன்று இருபத்து நான்கு. பள்ளி பத்து நிமிடத் தொலைவு. மூன்று நாற்பதுக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் போய்விடுவார். பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டும்.

ரிஜிஸ்டர் அக்கா தொலைபேசியைக் காதில் வைத்தாள். அது ஒலிக்கவேயில்லை.

"சார், ஏழாவது மாடியில லிஃப்ட் நின்னுருச்சாம். ஒரு பெரியவர் உள்ள மாட்டிக்கிட்டாராம். மூணரையத்தான் அனுப்பணும்."

அந்தப் பெரியவர் அந்த ஆண்டில் மாட்டிக்கொள்வது இது முப்பத்தோராவது முறை.

"சரி, ஓடு. போறதுக்கு முன்னாடி ஒரே வார்த்தை. எது?"

"எதுவா இருந்தா என்ன சார்" என்றான் மூணரை, அம்மையாரைப் பார்க்காமல். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான். எந்தப் பிள்ளைக்காகப் போர் தொடுத்தானோ அந்தப் பிள்ளைக்காகவே களத்தை விட்டான். இதற்குப் பரணி எழுதும் மரபு நம்மிடம் இல்லை.

"அவனுக்கே ஆட்சேபணை இல்ல" என்று மேலாளர் தீர்ப்பளித்தார். அம்மையார் உடைந்ததைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கோட்டுக்காரன் கைகுலுக்கினான். பயன்படுத்துபவனுக்கு வேண்டியது ஒன்று, வாங்குபவர் வாங்கியது வேறொன்று என, இவ்வாறே உலகின் சந்தைகள் வெல்லப்படுகின்றன.

இரண்டு வாரத்தில் இருபத்தாறு டேப்லெட்டுகள் வந்தன. வேனின் பின்சீட்டில் மேனுவல் தொகுதிகள் சாப்பாட்டு டப்பாக்களைத் தாங்கியபடியே இருந்தன. அலுவலகச் சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குத் திரை மாட்டப்பட்டது. அதன் உறையை மேலாளரே உரித்தார்; அதில் உண்மையிலேயே உறை இருந்தது. இருபத்தாறு செம்புள்ளிகள், வானத்து மீன்கள் அவர் ஏவலுக்கு இறங்கி வந்தனபோல், நகரமெங்கும் மின்னின. நகர்வன நகர்ந்தன, நிற்பன நின்றன, அவர் பார்வைக்குத் தப்பிய அணு ஒன்று இல்லை. கடிகாரம் மூன்றரை அடித்தது. ரிஜிஸ்டர் அக்கா எழுதுவதை நிறுத்தினாள். மேலாளரின் விரல் மூணரையின் புள்ளியைத் தேடிச் சென்றது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார்கள் இரையும் மெஷின் ரூமில், அது மலையென அசையாது நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்தார். இருபது நிமிடம் பார்த்தார். அது அசையவில்லை. ஆண்டுமுழுதும் தாம் ஐயுறாத ஒருவனின் நேர்மை கண்டு அவர் நெஞ்சு விம்மியது.

"பாரும்மா இதை. தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்கல. உழைப்புன்னா இது" என்று மேலாளர் முழங்கினார்.

மூணரை டேப்லெட்டை அங்கே சார்ஜில் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போயிருந்தான்.